தாத்தா வீட்டின் நடுச்சுவர்

நிக்கோலினாவை அடக்கம் செய்த அன்று பாதிரியார் அவளைச் "சாந்த குணம் படைத்தவர்" என்றார். கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களில் சிலர் இருமினார்கள். எனக்கு ஒரு வார்த்தை வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பாதிரியார் ஊருக்குப் புதிது. பலெர்மோவிலிருந்து வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் கழிக்கவில்லை. செத்துப்போன கிழவிகள் எல்லோரும் சாந்தமானவர்கள் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நிக்கோலினாவிடம் சாந்தம் என்ற ஒன்று இருந்ததாக எங்கள் காம்மா ஊரில் குழந்தைகூடச் சொல்லாது. அவள் கோபக்காரி. அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியாக ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள் நான் சொல்கிறேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளைப் புதைப்பது வாயில் துணியை அடைத்துப் புதைப்பதற்குச் சமம்.

அவள் பிறந்தது எங்கள் பந்தெல்லேரியாத் தீவில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், துனிசியாவில், கெலிபியாவில். வானம் தெளிந்த நாளில் மலை ஏறி நின்றால் அந்தக் கரை தெரியும். சிசிலியைவிட எங்களுக்கு அதுதான் பக்கம். அவளுடைய தாத்தா காலத்தில் இங்கே திராட்சைக் கொடிக்குப் பூச்சி விழுந்து வீட்டுக்கு வீடு பட்டினி. துனிசியா அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அங்கே நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் ஆட்கள் கொடிக்குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு படகேறினார்கள். நிக்கோலினாவின் தாத்தாவும் போனார். நட்டார். பிழைத்தார். பிறகு தீவில் பூட்டிக்கிடந்த தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சின்ன மகன் வீத்தோவைத் திருப்பி அனுப்பினார். மூத்த மகன் நார்தோ அங்கேயே தங்கினார். நார்தோவின் ஒரே மகள்தான் நிக்கோலினா.

அறுபத்து நாலாம் வருஷம் வெளிநாட்டார் நிலமெல்லாம் இனி அரசாங்கத்துக்கு என்று துனிசியாவில் சட்டம் வந்தது. ஓர் அதிகாரியோடு ஒரு ஜீப் வந்து திராட்சைத் தோட்டத்து வாசலில் நின்றது. நார்தோ ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நிக்கோலினாவுக்கு அப்போது கல்யாண வயது கொஞ்சம் தாண்டியிருந்தது. அம்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். பேச வேண்டியதெல்லாம் இவள்தான் பேச வேண்டும். வாசலில் கைகட்டி நின்ற பஷீரிடம் போனாள். பஷீர் சின்ன வயதிலிருந்தே அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவன், அவள் அம்மா கையால் சாப்பிட்டவன்.

"ஏன் பஷீர் பேசாம நிக்கிற? எங்கப்பாவோட சேர்ந்து நீயுந்தானே இந்தக் கொடியெல்லாம் நட்ட? இது யாரு நிலம்னு அந்த அதிகாரிகிட்ட வாயைத் திறந்து சொல்லு!"

"சொல்றேன் நிக்கோலினா. உங்க தாத்தா வர்றதுக்கு முன்னாடி எங்க தாத்தா இதுல ஆடு மேய்ச்சாரு. பிரெஞ்சுக்காரன் வேலி போட்டான். வேலி போட்டதை உங்க தாத்தாவுக்கு வித்தான். எங்க தாத்தாவை எவன் கேட்டான்? அதையும் சேர்த்துச் சொல்லவா?"

இதை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முகம் சிவந்துபோகும்.

"அறையணும்னு கையை ஓங்கிட்டேன் ரொசோலினா. ஓங்குன கை அப்படியே நின்னுடுச்சு. அவன் பொய் சொல்லியிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன். உண்மையைச் சொல்லிட்டான் பாவி. உண்மையை எங்கடி போய் அறையறது?"

அப்படித்தான் கப்பலேறினார்கள். அப்பாவும் மகளும், ஒரு தையல் மெஷினும், ஒரு செம்பு அண்டாவும்.

துறைமுகத்தில் அவர்களை அழைத்து வர அவளுடைய சித்தப்பா வீத்தோ கழுதை வண்டியோடு போயிருந்தார். காம்மாவுக்கு வண்டி வந்து சேர்ந்தபோது நாங்களெல்லாம் வாசலில் நின்று பார்த்தோம். அவள் பேசிய பேச்சு எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவள் தாத்தா கொண்டுபோன பழைய தீவுப் பேச்சு, நடுநடுவே அரபி. "ஆப்பிரிக்காக்காரங்க வந்துட்டாங்க" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். நிக்கோலினா வண்டியில் இருந்தபடியே திரும்பினாள்.

"அங்கே எங்களைச் சிசிலிக்காரங்கன்னாங்க. இங்கே ஆப்பிரிக்காக்காரங்களா? நடுவுல இருக்கிற தண்ணியில போய்க் குடியிருக்கச் சொல்றியா?"

காம்மாவில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அவள் தாத்தா கட்டிய வீடு நல்ல வீடு. எங்கள் வீடுகள் எல்லாம் கரிய எரிமலைக் கல்லில் கட்டியவை, சுவர் ஓர் ஆள் கைவிரித்த அகலம். மேலே குவிமாடம். மழை அந்த மாடத்தில் வழிந்து முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். தீவில் ஆறு கிடையாது, சுனை கிடையாது. தொட்டி இருந்தால் குடும்பம் உண்டு. அந்த வீட்டுக்கு மூன்று மாடம், ஊரிலேயே ஆழமான தொட்டி. அவ்வளவு பெரிய வீட்டில் வீத்தோ தன் அண்ணனுக்கும் அண்ணன் மகளுக்கும் கொடுத்தது கழுதைக் கொட்டில். "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணே. பசங்க வளர்ந்துட்டாங்க, உள்ளே இடமில்லே" என்றார். அவர் மனைவி ஜாக்கோமா ஒரு வைக்கோல் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள். கழுதை மரத்தடிக்குப் போனது.

கொஞ்ச நாள் என்பது கோடை முழுக்க ஓடியது. நார்தோ ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கும் தெம்பு கெலிபியாவிலேயே தீர்ந்துவிட்டது. திராட்சையை வெயிலில் உலர்த்தும் சமயம் வந்தது. அந்த வேலைக்கு ஊரே ஒரு வீட்டுக்கு மாற்றி ஒரு வீடு போகும். வீத்தோவின் களத்தில் பாய் விரித்து, குனிந்து பழத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் நிக்கோலினா கேட்டாள்.

"சித்தப்பா, எங்க பங்கை எப்போ ஒழிச்சுக் குடுக்கப் போறீங்க?"

"எந்தப் பங்கு?"

"தாத்தா வீட்டுல எங்கப்பா பங்கு. அவருதானே மூத்தவரு?"

வீத்தோ பழத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"உங்கப்பா இந்த வீட்டைவிட்டுப் போனவரு. போனவன் போனவன்தான். இந்தத் தீவோட சட்டமே அதுதாண்டி. கார்த்தேஜ்காரன் வந்தான், போனான். ரோமாபுரிக்காரன் வந்தான், போனான். அரபுக்காரன் வந்தான், திராட்சைக் கொடியை நட்டான், போனான். ஸ்பெயின்காரன் கோட்டையைப் புடிச்சான், அவனும் போனான். அதுல ஒருத்தனாவது திரும்பி வந்து என் கட்டில் எங்கே, என் தொட்டி எங்கேன்னு கேட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிப்பு வரும்படித்தான் அவர் சொன்னார். நிக்கோலினா நிமிர்ந்தாள். கையெல்லாம் திராட்சைப் பிசுக்கு.

"யாரு சித்தப்பா போனது? வரி வாங்குனவன் போனான். கோட்டையில உட்கார்ந்தவன் போனான். மண்ணைக் கொத்துனவன் எங்கே போனான்? நம்ம ஊரு பேரு காம்மா. கீழே காதிர், அந்தப் பக்கம் புக்குரம். உங்க அம்மா வெச்ச பேரா இதெல்லாம்? அரபுக்காரன் வெச்சது! நீங்க திருப்பிப் போடறீங்களே ஜிபிப்போப் பழம், கெலிபியாச் சந்தையில காஞ்ச திராட்சையை ஸபீப்ம்பான். நம்ம குடும்பப் பேரு ஃபெர்ரான்தெஸ், எவனோ ஸ்பெயின் சிப்பாய் விட்டுட்டுப் போன பேரு. எல்லாரும் போயிட்டாங்கன்னா உங்க வாய்க்குள்ள உட்கார்ந்து என்ன பண்றாங்க?"

இப்போது சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. வீத்தோவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் விடவில்லை.

"முதல்ல வந்தவனுக்குத்தான் வீடுன்னா, முர்சியா மேட்டுல கருங்கல்லைக் குவிச்சுக் கல்லறை கட்டிப் படுத்திருக்கானே, பேர்கூடத் தெரியாதவன், அவனை எழுப்பிக் குடுங்க. குடுத்துட்டு நாம எல்லாரும் கொட்டிலுக்குப் போவோம். வாங்க!"

"முதல்ல வந்தவனுக்கு இல்லடி. இருந்தவனுக்கு!" வீத்தோ பாயை மிதித்துக்கொண்டு எழுந்தார். "யுத்தத்துல குண்டு விழுந்தப்போ எங்கே இருந்தே நீ? வானம் தெரியாம விமானம் வந்துது. துறைமுகம் தூளாப் போச்சு. குகைக்குள்ள கழுதைக்குப் போடற கரோப் காயைத் தின்னுக்கிட்டுக் கிடந்தோம். என் தலைச்சன் அந்தக் குகையிலதான் செத்தான். பால் இல்லாம செத்தான். உங்கப்பன் அப்போ கெலிபியாவுல கோதுமை ரொட்டி தின்னுக்கிட்டிருந்தான். அந்தக் குகையில எனக்குப் பங்கு குடுத்தானா அவன்?"

எனக்கும் அந்தக் குகை ஞாபகம் உண்டு, நானும் அதில் கிடந்த குழந்தைதான். அந்தப் பிள்ளையை ஜாக்கோமா துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்ததை என் அம்மா சொல்வாள். நிக்கோலினா களத்தின் ஓரத்தைப் பார்த்தாள். அவள் அப்பா தலையைக் குனிந்து பழத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், ஒரே பழத்தைத் திரும்பத் திரும்ப.

அத்தோடு வீத்தோ நிறுத்தியிருந்தால் அவர் பக்கம் நியாயம் நின்றிருக்கும். நிறுத்தவில்லை. அடுத்த வாரம் தொட்டியின் வாய்க்கு இரும்புப் பட்டை போட்டுப் பூட்டினார். கோடையின் கடைசி, தண்ணீர் அடியில் கிடக்கிறது, கணக்காகச் செலவழிக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். காலையில் ஒருமுறை ஜாக்கோமா பூட்டைத் திறப்பாள். அவள் வீட்டுக்கு, பிறகு கோழிக்கு, பிறகு கழுதைக்கு, மிச்சம் இருந்தால் கொட்டிலுக்கு.

"கழுதைக்கு அப்புறமா?" என்று நிக்கோலினா கேட்டிருக்கிறாள்.

"கழுதை வேலை செய்யுது" என்றாளாம் ஜாக்கோமா.

நார்தோ சண்டைக்குப் பயந்தவர். மகளுக்குத் தெரியாமல் வாளியை எடுத்துக்கொண்டு கடலோரத்து உப்புக் கிணற்றுக்கு இறங்கிப் போனார். அந்தத் தண்ணீரை ஆடுமாடு குடிக்கும், மனிதர்கள் துணி துவைப்பார்கள். செங்குத்தான பாதை, உருளும் கல். திரும்பி ஏறும்போது விழுந்தார். இடுப்பு போனது. நானும் என் புருஷனும்தான் அவரைத் துணியில் கட்டித் தூக்கி வந்தோம். முகத்தில் வலி தெரியவில்லை, வெட்கம்தான் தெரிந்தது. "மககிட்ட சொல்லாதீங்க" என்று வழியெல்லாம் கெஞ்சினார், அவள் கொட்டில் வாசலில் நின்று நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

அவள் அழவில்லை. அப்பாவைப் படுக்க வைத்தாள். என்னைப் பார்த்து, "உன் புருஷன்கிட்ட கடப்பாரை இருக்கா?" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஊர் முழுக்க வீதியில். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். முற்றத்தில் ஏறி இரும்புப் பட்டைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். பட்டை வளைந்தது, பூட்டு தெறித்து ஜாக்கோமாவின் கால்மாட்டில் விழுந்தது. நிக்கோலினா வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினாள். சேந்திய தண்ணீரை முதலில் கழுதைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

"குடி. நீதான் வேலை செய்யறே. என் சித்தி சொல்லிட்டா."

பிறகு அடுத்த வாளியோடு வீட்டுக்குள் போனாள். நடுமாடத்தில் வீத்தோவின் கட்டில் இருந்தது. மெத்தை, தலையணை, மேலே தொங்கிய மாதா படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கினாள், மாதா படத்தை மட்டும் முத்தமிட்டுவிட்டு. வீத்தோ கை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். கடப்பாரையைப் பார்த்து நின்றார்.

"பைத்தியக்காரி! ஊரு பாக்குது!"

"பாக்கட்டும். உங்க அண்ணன் உப்புத் தண்ணி தூக்கப் போனப்பவும் இந்த ஊரு பாத்துக்கிட்டுத்தான் இருந்துது!"

அந்தச் சொல் எங்கள் எல்லோர் மேலும்தான் விழுந்தது. ஒருவரும் நிமிரவில்லை. நானும் என் புருஷனும் நார்தோவைத் தூக்கிக்கொண்டுபோய் நடுமாடத்தில் படுக்க வைத்தோம்.

போலீஸ் சார்ஜென்ட் வந்தார். வடக்கே, பனி விழும் ஊர்க்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். வீத்தோ பேசினார், நிக்கோலினா பேசினாள், இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"ஒரே ஒரு கேள்வி. இந்த வீட்டைக் கட்டினது யாரு?"

"எங்கப்பா" என்றார் வீத்தோ.

"எங்க தாத்தா" என்றாள் நிக்கோலினா.

"ரெண்டும் ஒரே ஆள்தானே? அப்போ ரெண்டாப் பிரிங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் கோட்டை ஜெயில்ல ஒரே அறையில போடறேன். அங்கே பேசித் தீர்த்துக்கோங்க."

வீத்தோ பிரித்தார். பிரித்த விதம் இருக்கிறதே, அதில்தான் அவர் வஞ்சம் தீர்த்தார். அவருக்கு ஒரு மாடம், இவர்களுக்கு ஒரு மாடம். நடுமாடத்துக்குள் கரிய கல்லை அடுக்கிக் குறுக்கே சுவர் எழுப்பினார். வட்டமான கூரைக்கு அடியில் நேரான சுவர். அதை அப்படியே முற்றத்துக்கும் இழுத்தார். தொட்டியை மட்டும் வெட்ட முடியாது, அது பாறைக்குள் குடைந்தது. அதனால் சுவருக்கு இந்தப் பக்கம் இன்னொரு வாய் திறந்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீடு அப்படி வாழ்ந்தது. ஒரே இருட்டுத் தண்ணீரில் இரண்டு வாளி. சில சமயம் உள்ளே வாளிகள் இடித்துக்கொள்ளும். உடனே சுவரின் இரண்டு பக்கமும் வசவு கிளம்பும். நான் என் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டே கேட்பேன்.

நார்தோ அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். படுக்கையிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர்தான் தெரியும். தம்பி ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்தார், தூரமாக நின்றார். நிக்கோலினா அவரிடம் போய், "பங்கு கேக்கறவர் போயிட்டாரு. நிம்மதியா?" என்றாள்.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல ஆள்தான், சொந்தமாகப் படகு இருந்தது. "எல்லாம் சரி, அந்த அரபிப் பேச்சை மட்டும் விட்டுடு" என்றான். "நீ உன் ஊரு பேரைச் சொல்லாம வீட்டுக்குப் போய்க் காட்டு. நான் விட்டுடறேன்" என்றாள். அவன் காதிர்க்காரன். அதற்குப் பிறகு வரன் எதுவும் வரவில்லை. தையல் மெஷினை வைத்துப் பிழைத்தாள். பாறைச் சரிவில் தன் பங்குக்கு வந்த படிக்கட்டு நிலத்தில் கேப்பர் செடி வைத்து, மொக்கைப் பறித்து உப்பில் போட்டு விற்றாள். எடை குறைத்த வியாபாரியைக் கடைவீதி முழுக்கத் துரத்தினாள். ஊர் அவளைக் கடைசிவரை "துனிசியாக்காரி" என்றே சொன்னது. முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு அவள் வைத்த பேர்கள் எல்லாம் இன்னும் ஊரில் வழங்குகின்றன.

வீத்தோவின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வடக்கே தோரினோவுக்குப் போனார்கள், கார் செய்யும் வேலைக்கு. ஜாக்கோமா காய்ச்சலில் போனாள். இருந்தவனுக்குத்தான் வீடு என்ற வீத்தோ, அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

ஒரு மார்ச் மாதம், காற்று அடங்காத வாரம். நிக்கோலினா என் வீட்டுக்கு வந்தாள், முகம் கடுகடுவென்று.

"அந்தப் பக்கத்து வாளி நேத்தும் இறங்கல, இன்னிக்கும் இறங்கல."

"போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"நான் ஏன் போகணும்? நீ போ."

இரண்டு பேரும்தான் போனோம். கதவு தாழிடவில்லை. வீத்தோ தரையில் கிடந்தார், ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய், உதடு வெடித்து. நிக்கோலினா அவரைப் பார்த்தாள். அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"தொட்டி மேலயே படுத்துக்கிட்டுத் தாகத்துல சாகறீங்களே, வெக்கமா இல்லே?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே தலையை மடியில் எடுத்து வைத்துத் துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டாள். கருணை என்று யாராவது சொன்னால் கடித்துவிடுவாள். காலையில் திட்டிக்கொண்டே போவாள், குளிப்பாட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள், திட்டிக்கொண்டே வருவாள். ஒருநாள் நான் கூட இருந்தேன். வீத்தோவுக்குப் பேச்சு குழறும்.

"துறைமுகத்துல உன்னைப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சுது. வீடு போச்சுன்னு. பயந்துட்டேன்."

"பயந்தா பூட்டறதா? எங்கப்பா உங்களுக்குப் பயந்து கிணத்துக்குப் போனாரு."

"அந்தச் சுவரை இடிச்சுடு நிக்கோலினா."

"நான் ஏன் இடிக்கணும்? கட்டுனவரு எழுந்து வந்து இடிக்கட்டும். கடப்பாரை வேணா கடன் வாங்கித் தர்றேன்."

அவர் அழுதார். இவள் அவர் வாயைத் துடைத்தாள். சுவரை இடிக்கவில்லை. எழுந்திருக்க முடியாத ஆளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். "உனக்கென்னடி, உங்கப்பன் உன் வீட்டுக்குள்ள சுவரைப் பாத்துக்கிட்டா செத்தான்?" என்றாள்.

வீத்தோவின் அடக்கத்துக்கு அவர் மகன் மிக்கேலே தோரினோவிலிருந்து வந்தான். வந்த கையோடு தன் பாதியை மிலானோக்காரத் தம்பதிக்கு விற்றுவிட்டுப் போனான். நிக்கோலினாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிலானோக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. சிரித்த முகம். "இந்தத் தீவை நாங்க ரொம்ப நேசிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் நீச்சல் குளம் வெட்டிச் சுற்றிலும் நாற்காலி போட்டார்கள், குளத்தை நிரப்பத் தொட்டிக்குள் மோட்டார் இறக்கினார்கள். அது கோடை. நிக்கோலினாவின் வாளி அடிக்கல்லில் போய் முட்டியது. அவள் சுவர் மேல் ஏறி நின்றாள், ஐம்பது தாண்டிய வயதில்.

"வந்தவன் எல்லாம் எதையாவது நட்டான்! அரபுக்காரன் திராட்சை நட்டான், ஸ்பெயின்காரன் சிலுவையாவது நட்டான். நீங்க என்ன நட்டீங்க? நாற்காலி!"

இந்தப் பக்கத்து வாயிலிருந்து கையை விட்டு ரப்பர் குழாயை இழுத்துக் கேப்பர் வெட்டும் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கினாள். அந்தத் தம்பதி பயந்துபோய் லாரியில் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் மட்டும் வருவார்கள். வந்தாலும் மெதுவாகப் பேசுவார்கள்.

முதுமையில் அவளுக்குக் கண் மங்கியது. திராட்சை அறுப்புக்குத் துனிசியாவிலிருந்து கப்பலில் வரும் பெண்களில் சாமியா என்று ஒருத்தி. மஹ்தியா ஊர்க்காரி, விதவை. அறுப்பு முடிந்ததும் நிக்கோலினாவின் கேப்பர் நிலத்தைக் கவனிக்கத் தங்கினாள். பிறகு நிக்கோலினாவையே கவனித்தாள். கிழவி இத்தனை வருஷம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த அரபியைப் பதில் சொல்லும் ஒரு ஆளோடு பேசினாள். பாதி நேரம் சண்டைதான். கோதுமைக் குருணை வேகவைக்கும் கூஸ்கூஸில் மீன் எப்போது போடுவது என்று ஒரு சண்டை ஒரு வாரம் ஓடியது. போன பிப்ரவரியில் சாமியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, போர்வை கனமாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே இறந்தாள். தன் பாதி வீட்டையும் நிலத்தையும் அவளுக்கே எழுதி வைத்திருந்தாள்.

ஊர் கொதித்தது. வெளியே குடும்பச் சொத்து என்றார்கள், வீட்டுக்குள்ளே அரபுக்காரிக்கா என்றார்கள். ஒரு வாரம் கழித்து நான் மளிகைக் கடையில் நிற்கிறேன். மிக்கேலேயின் மகன் தீனோ அங்கே இருந்தான். மிலானோக்காரர்கள் மறுபாதிக்கும் நல்ல விலை சொல்லியிருக்கிறார்கள், சாமியாவிடம் மலிவாக வாங்கிக் கைமாற்றிவிடலாம் என்று தோரினோவிலிருந்து வந்திருந்தான்.

"எங்க தாத்தா கட்டுன வீடு" என்று கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "கடைசியில எவளோ அரபுக்காரிக்குப் போகுது. இந்தத் தீவு இனிமே யாரோடது, சொல்லு?"

என்னுள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சண்டைக்காரி இல்லை. அதுவரை கடையில் விலைகூடப் பேசியதில்லை.

"உங்க தாத்தா கட்டுனது வீடு இல்லடா, சுவரு!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீ பிறந்தது தோரினோ. உங்கப்பன் வித்துட்டுப் போனான். நீ விக்கறதுக்கு வந்திருக்கே. அந்தப் பொண்ணு ஒருத்திதான் அந்த வீட்டுல தங்கறதுக்கு வந்தவ. இந்தத் தீவு யாரோடதுன்னா கேக்கறே? உன்னோடது இல்லே! போ, கப்பல் போயிடப் போகுது!"

கடைக்காரன் தராசைப் பிடித்தபடி நின்றான். திரும்பினால் வாசலில் சாமியா, உப்பு வாங்க வந்தவள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. தீனோ அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"அம்மா, வீட்டு விஷயமா உங்ககிட்ட..."

"விக்கறதா இல்லே" என்றாள் சாமியா. உப்பை வாங்கிக்கொண்டாள்.

சாமியாவும் நானும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். பாதி ஏற்றத்தில் என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தாள்.

"உங்களுக்குப் பிரஷர் இருக்கு. இந்த வயசுல இப்படிக் கத்தலாமா?"

"நீ கத்தக் கத்துக்கோ, நான் நிறுத்திக்கிறேன்."

"எனக்குக் கத்த வராதும்மா."

மறுநாள் காலை மிலானோக்காரர்களின் தோட்டக்காரன் புதுக் குழாயோடு வந்து தொட்டிக்குள் விட்டுப் பார்த்திருக்கிறான், கிழவிதான் இல்லையே என்று. என் முற்றத்தில் நின்றேன். நிக்கோலினாவின் முற்றத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. கோழிகள் சிதறின. முழுக்க அரபி. அத்தனை வருஷம் நிக்கோலினாவுக்குப் பக்கத்தில் இருந்ததில் எனக்கும் நாலு வார்த்தை தெரியும். நாலும் வந்தன. எதுவும் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.